கத்திரி டீச்சரைத் திட்டின கதை

எங்கண்ணன் நாய்களுக்கு முடி வெட்டுறவன். தொழிலைச் சொன்னா சில பேர் சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். பல் டாக்டர் கிளினிக்குக்குக் கீழே ரெண்டு ரூம் கடை. முன் ரூம்ல நானும் மேஜையும் போனும். உள் ரூம்ல இடுப்பு உயரத்துக்கு ஒரு தொட்டி, ரப்பர் விரிச்ச மேடை, காது கிழியச் சத்தம் போடுற டிரையர், முடி காயற வரைக்கும் நாயை உக்கார வைக்கிற கம்பிக் கூண்டு, சுவத்துல வரிசையா மாட்டின கத்திரிங்க. அந்தக் கத்திரிங்களை விட அவன் வாய்தான் கூர்மைன்னு வாடிக்கைக்காரங்களே அவனுக்குக் கத்திரின்னு பேரு வச்சுட்டாங்க. தெரிஞ்சா கோபப்படுவான்னு பாத்தேன். சந்தோஷப்பட்டான். அவன் எப்படிப்பட்டவன்னு அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

ஆனா வேலைக்காரன். அதுல குறை சொல்ல முடியாது. ஊசி போட வந்த டாக்டரையே கடிச்ச நாய்கூட இவன் மேடையில ஏறினா பொம்மையாட்டம் நிக்கும். நாய்ங்ககிட்ட அவன் பேசுற அழகைக் கேக்கணும். "கண்ணுல்ல, காலைக் குடு, இன்னொரு காலு, அவ்வளவுதான்டா என் ராசா"ன்னு கொஞ்சுவான். அதே வாயோட முன் ரூமுக்கு வருவான், நாயைக் கொண்டு வந்த மனுஷனை நார் நாராக் கிழிப்பான். நாய்க்கு ஒரு நாக்கு, மனுஷனுக்கு ஒரு நாக்குன்னு அண்ணி அடிக்கடி சொல்லுவாங்க. வீட்டுல அவங்களுக்குக் கிடைச்சது ரெண்டாவது நாக்கு.

அவனுக்கு ஆகவே ஆகாதது டூடுல் நாய். சுருட்டை முடிப் பூடிலையும் லேப்ரடாரையும் சேப்பாங்க, இல்ல பூடிலையும் ரெட்ரீவரையும் சேப்பாங்க, பொறக்குற சுருட்டை முடிக் குட்டிக்கு ஒரு செல்லப் பேரு வச்சு விப்பாங்க. 'முடி கொட்டாது, தும்மல் வராது, குழந்தையாட்டம் பழகும்'னு விளம்பரம். வாங்கினவங்க படத்துல பாத்த பொம்மை வீட்டுக்கு வந்துடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. ஆனா ஒரே ஈத்துல பொறந்த குட்டிங்கள்லயே ஒண்ணு அம்மா மாதிரி முடி கொட்டும், ஒண்ணு அப்பா மாதிரி சுருளும், மத்தது ரெண்டுங்கெட்டானா இருக்கும். அந்த ரெண்டுங்கெட்டான் முடியைத் தினமும் தோல் வரைக்கும் சீவணும். மேலாப்ல சீவினா மேல பஞ்சு மாதிரி இருக்கும், அடியில சிக்கு கட்டிக்கும். அப்புறம் கத்திரி நுழையாது. ஒட்ட மழிக்கணும்.

மழிச்சா அந்தச் சிக்கு துண்டு துண்டா விழாது. முழுசா, போர்வையை உருவுற மாதிரி, ஒரே விரிப்பா வரும். எங்கண்ணன் அதைக் குப்பையில போட மாட்டான். ரெண்டு கையாலயும் ஏந்திட்டு முன் ரூமுக்கு வந்து, சொந்தக்காரங்க கையில வைப்பான். "புடிங்க. கனக்குதா? இதைத்தான் உங்க நாய் மாசக்கணக்கா முதுகுல தூக்கிட்டுத் திரிஞ்சுது." நிறைய பேர் அழுதிருக்காங்க. சில பேர் அடுத்த வாரமே சீப்பு வாங்கிட்டு வந்து சீவக் கத்துக்கிட்டும் போயிருக்காங்க. அதனால அவன் பண்றது நல்லதுன்னுதான் நானும் நினைச்சேன். அவன் திட்டுறதை யாரோ போன்ல புடிச்சுப் போட, அது ஊரெல்லாம் சுத்தி, நாய் வளக்கிறவங்க மத்தியில அவன் பெரிய ஆளாயிட்டான். பொறுப்பா வளக்கிறதுன்னாலே கத்திரின்னு ஆயிடுச்சு. தலைக்கனம் கேக்கவா வேணும்.

அவன்கிட்டயும் ஒரு நாய் உண்டு. வெள்ளைப் பூடில், ஆண். எந்நேரமும் முடி வெட்டி, பவுடர் போட்டு, கழுத்துல பட்டையோட மினுக்கிட்டுத் திரியறதால நான் வச்ச பேரு மாப்பிள்ளை. கடையில அவிழ்த்து விட்டபடிதான் இருக்கும். சொன்ன பேச்சைக் கேக்கும், யார் மேலயும் பாயாது. கண்காட்சிக்கு ஆகும்னு அதுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணாம வச்சிருந்தான். மத்தவங்க நாய்க்கு ஏன் பண்ணலைன்னு கேட்டுக் கேட்டுத் திட்டுறவன் சொந்த நாய்க்குப் பண்ணலை. கேட்டா, "அது என் கண்ணு முன்னாடியே இருக்கு"ம்பான்.

இனி டீச்சருக்கு வர்றேன். அந்தம்மாவுக்கு அவன் பண்ணினதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். இதுல பாதி எனக்கு அப்புறமாத்தான் தெரியும். ஆனா நடந்த வரிசையிலயே சொல்லிடறேன், இல்லைன்னா உங்களுக்கும் குழம்பும், எனக்கும் கோபத்துல தலை வால் தெரியாமப் போயிடும்.

டீச்சர் ரிட்டையர் ஆனவங்க. பூகோளம் எடுத்தவங்களாம். எங்க கடைக்கு நாலு தெரு தள்ளித் தனியா இருந்தாங்க. ஒரு ரெட்ரீவர் வச்சிருந்தாங்க, பொன் நிறம், பெட்டை. பேரு தங்கம். அவங்க வீட்டுக்காரர் போன பிறகு வாங்கினது. தங்கம் இல்லாம டீச்சரை யாரும் தெருவுல பாத்ததில்லை. அதுக்கு ஆபரேஷன் பண்ணலாம்னு நாள் குறிச்சாங்க, மயக்க மருந்து அதுக்கு ஒத்துக்காதுன்னு டாக்டர் தள்ளிப் போட்டுட்டார். அதனால டீச்சர் அதைக் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டாங்க. வாரைக் கையில சுத்திக்காம வாசல்படி தாண்ட மாட்டாங்க.

அன்னிக்கு நான் மாடியில பல் டாக்டர் நாற்காலியில வாயைப் பொளந்துட்டுக் கிடந்தேன். கடைவாய்ப் பல்லைப் புடுங்கிட்டு இருந்தாங்க. டீச்சர் தங்கத்தைக் குளிப்பாட்ட விட்டுட்டுக் கண்ணாடி மாத்தப் போயிட்டாங்க. தொட்டியில தண்ணி ஊத்தும்போதே எங்கண்ணன் பாத்துட்டான், தங்கம் ஹீட்ல இருக்கு, அதாவது இணை சேர்ற பருவம். அது நக்கி நக்கிச் சுத்தமா வச்சிருக்கும், கறைகூடத் தெரியாது. டீச்சர் கண்ணுக்குப் பட்டிருக்காது, இவன் கண்ணுக்குத் தப்பாது. அந்த மாதிரி நாய் வந்தா உடனே போன் பண்ணித் திருப்பி அனுப்பணும்னு கடைக்கு அவனே வச்ச சட்டம். பாதி நனைச்சாச்சு, முடிச்சே அனுப்பிடலாம்னு நினைச்சிருக்கான். குளிப்பாட்டி, காய வைக்கக் கூண்டுல விட்டான்.

அந்த நேரம் பாத்து முன் ரூம்ல ஒரு பொண்ணு, காலையில மழிச்ச டூடுலை வாங்க வந்துட்டா. எங்கண்ணனுக்குச் சிக்கைக் கையில வைக்கணுமே. கூண்டுக் கதவைச் சாத்தினான், கொக்கி போடலை. மாப்பிள்ளை பக்கத்துலயே தரையில படுத்திருந்துச்சு. இவன் வெளிய வந்து அந்தப் பொண்ணுக்குப் பொறுப்பைப் பத்திப் பாடம் எடுத்தான். கால் மணி நேரம் எடுத்திருக்கான். அவ அழுத பிறகுதான் விட்டான். உள்ள போனா, ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது.

அந்த நிலைமையில பிரிக்கக் கூடாது, பிரிச்சா ரெண்டுக்கும் காயம். தானா விலகுற வரைக்கும் கதவைச் சாத்திட்டு நின்னிருக்கான். அப்புறம் தங்கத்தைத் திரும்பத் தொட்டியில ஏத்தி, திரும்பக் குளிப்பாட்டி, திரும்பக் காய வச்சிருக்கான். டீச்சர் புதுக் கண்ணாடியோட வந்து, "தங்கம் சமத்தா இருந்தாளா தம்பி?"ன்னு கேட்டிருக்காங்க. "இருந்தா டீச்சர்"னு சொல்லியிருக்கான்.

அப்பவே சொல்லியிருந்தா ஒண்ணுமே இல்லை. ரெண்டு நாளுக்குள்ள டாக்டர்கிட்ட போனா கரு தங்காமத் தடுக்க வழி இருக்கு. டீச்சர் ஒரு வார்த்தை திட்டியிருப்பாங்க, இவன் வாங்கிக்கிட்டிருப்பான். ஆனா கத்திரி கடையில, கத்திரியோட சொந்த நாயே இப்படிப் பண்ணிடுச்சுன்னு வெளிய தெரிஞ்சா? அதான் பயம். ஒரு தடவையிலேயா ஆயிடப் போகுதுன்னு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கிட்டான். அடுத்த வாரமே மாப்பிள்ளையைக் கொண்டு போய் ஆபரேஷன் பண்ணிட்டு வந்தான். "என்னண்ணா திடீர்னு?"ன்னு கேட்டேன். "வயசாகுதுல்ல"ன்னான். நானும் நம்பினேன். என்னைச் சொல்லணும்.

ஒண்ணரை மாசம் கழிச்சு டீச்சர் வந்தாங்க. கூட அவங்க பையன், பேங்க் மேனேஜர், நேரத்தைப் பாத்துக்கிட்டே பேசுற ஆளு. நான் மேஜையிலதான் இருந்தேன். டீச்சர், "தம்பி, தங்கத்துக்கு வயிறு கனமா இருக்கு. சாப்பாட்டுல ஏதும் தப்பா, பாருங்களேன்"ன்னாங்க. எங்கண்ணன் மண்டி போட்டு அது வயித்துல கை வச்சான். கையை எடுக்கவே இல்லை. முகம் செத்துப் போச்சு. உடம்பு சரியில்லையோன்னு நான் எழுந்தே நின்னுட்டேன்.

"குட்டி போடப் போகுது"ன்னான்.

பையன், "எப்படி?"ன்னு கேட்டார். அம்மாவைப் பாத்துதான் கேட்டார்.

டீச்சர் பதறிப் போய், "தங்கம் வெளியவே போகலையே தம்பி. வாரோடதான் கூட்டிட்டுப் போவேன். இங்க விட்டதைத் தவிர வேற எங்கயும் அவளைத் தனியா விட்டதில்லையே"ன்னாங்க.

'இங்க விட்டதைத் தவிர.' என் காதுல தெளிவா விழுந்துச்சு. நான் என்ன பண்ணினேன்? அடுத்த வாரத்துக்கு யாருக்கோ நேரம் குறிச்சுட்டு இருந்தேன்.

பயம் வந்தா சில பேர் ஓடுவாங்க, சில பேர் அழுவாங்க. எங்கண்ணன் திட்டுவான். எழுந்து நின்னான், ஆரம்பிச்சான். "அப்போ வானத்துல இருந்து குதிச்சுதா டீச்சர்? நாய் வளக்கிறதுன்னா சும்மாவா? கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கியிருப்பீங்க, எந்தத் தெரு நாயோ உள்ள வந்துட்டுப் போயிருக்கும். படிச்சவங்கதானே நீங்க? நாலு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்கதானே? ஒரு நாயைப் பாத்துக்க முடியலைன்னா எதுக்கு வளக்கணும்?"

இன்னும் சொன்னான், எல்லாத்தையும் சொல்ல எனக்கு வாய் வரலை. காத்திருந்த ரெண்டு பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. டீச்சர் புதுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, திரும்பப் போட்டுக்கிட்டு, "நீங்க சொல்றது சரிதான் தம்பி. ஏதோ ஒரு நாள் அசந்திருப்பேன். மன்னிச்சுக்கோங்க"ன்னாங்க. அவன்கிட்ட. அவன்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டாங்க. இப்ப நினைச்சாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

பையன் அதோட விடலை. "நான்தான் சொன்னேனேம்மா, இந்த வயசுல உங்களால முடியாதுன்னு. இவரே சொல்றார் பாருங்க"ன்னார். கத்திரி வாயால வந்தா அது தீர்ப்பு மாதிரி. குட்டிங்க பொறந்துச்சு, ஏழு. எல்லாம் பொன் நிறம், வளர வளரப் பாதிக்கு மேல முடி சுருண்டுச்சு. சுருட்டை முடியைப் பாத்ததும் பையனுக்குக் கண்ணு விரிஞ்சுடுச்சு. தகப்பன் பூடிலா இருக்கணுமேன்னு யாரும் யோசிக்கலை, நானும்தான். டூடுல்னு விளம்பரம் போட்டு, முடி கொட்டாதுன்னு எழுதி, பால் மறந்ததும் வித்துட்டார். தங்கத்தைத் தன்னோட அடுக்கு மாடி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். டீச்சர் ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துக்கலாம்னு ஏற்பாடு.

அதுக்கப்புறமும் டீச்சர் காலையில பூங்காவுக்கு நடந்தாங்க, தனியா. வழியில கேக்கிறவங்களுக்கு, "என் கவனக்குறைவு, பையன் எடுத்துட்டுப் போயிட்டான்"னு சொல்லுவாங்க. எங்க கடை வாசல் வழியாத்தான் போகணும். எங்கண்ணன் அந்த நேரத்துக்கு உள் ரூம்ல டிரையரைப் போட்டுக்கிட்டான். வேலை மும்முரம்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

இப்படியே ஒரு வருஷம் ஓடிச்சு. செல்லப்பிராணி சங்கத்துக்காரங்க நூலகத்து மாடி ஹால்ல ஒரு விவாதம் வச்சாங்க. இந்தக் கலப்பு நாய் வேணுமா, வேண்டாமா. வேண்டாங்கிற பக்கம் எங்கண்ணன். எதிர்ப்பக்கம் டூடுல் குட்டி வளத்து விக்கிற ஒரு அம்மா. நான் சட்டையை இஸ்திரி போட்டுக் குடுத்துக் கூடவே போனேன், முன் வரிசையில உக்காந்தேன்.

அந்த அம்மாவை எங்கண்ணன் ஊதித் தள்ளிடுவான்னு நினைச்சேன். அவங்க அசரலை. "கலப்புன்னா கேவலம்னு பேசுறீங்களே, மூச்சே விட முடியாத சப்பை மூக்கு நாயை ஜாதி நாய்னு வச்சுக் கொண்டாடுறோமே, அதுக்கு என்ன சொல்றீங்க? எது எதோட சேருதுங்கிறது பிரச்சினை இல்லைங்க. யார் சேத்தாங்க, அப்புறம் யார் பொறுப்பு எடுத்துக்கிட்டாங்க, அதான் பிரச்சினை. என்கிட்ட தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பெலும்பு, கண்ணு எல்லாம் டாக்டர் பாத்த பிறகுதான் ஜோடி சேப்பேன். சீவ முடியாதவங்களுக்குக் குட்டி தர மாட்டேன். வேண்டாம்னா எத்தனை வருஷம் ஆனாலும் திரும்ப வாங்கிப்பேன்"ன்னாங்க. ஹால்ல கைதட்டு. நானே தட்டியிருப்பேன், கூடப் பொறந்த பாசத்துக்கு அடக்கிக்கிட்டேன்.

எங்கண்ணனுக்குத் தோக்கப் புடிக்காது. "எல்லாரும் உங்களை மாதிரி இருக்காங்களா?"ன்னு மைக்கைப் புடிச்சான். "எங்க கடைக்கு ஒரு அம்மா வருவாங்க. படிச்சவங்க, டீச்சரா இருந்தவங்க. ஒரு பெட்டை நாயைக் காபந்து பண்ணத் தெரியாம ஏழு குட்டி. டூடுல்னு பேரு போட்டு வித்தாச்சு. ஏழுல ரெண்டு எங்கிட்டயே சிக்கோட வந்துச்சு. இதான் உங்க டிசைனர் நாய் வர்ற வழி"ன்னான். இப்ப கைதட்டு இவன் பக்கம்.

கேள்வி நேரத்துல நடு வரிசையில இருந்து ஒருத்தர் எழுந்தாங்க. டீச்சர். நாங்க யாரும் அவங்க வந்ததைப் பாக்கலை.

"அவர் சொன்ன அந்த அம்மா நான்தான்"னாங்க. பள்ளிக்கூடத்துல பேசிப் பழகின குரல், மைக் இல்லாமலே கேட்டுச்சு. "அவர் என்னைத் திட்டினது சரி. எனக்கு ஆறே மாசத்துல தெரிய வந்துச்சு, அதுல ஒரு குட்டியை யாரோ சாலையில விட்டுட்டாங்கன்னு. அதை நினைச்சு நான் தூங்குறதில்லை. வளக்கிறவங்க எல்லாரும் ஒரு நிமிஷம்கூட அசந்துடாதீங்க. என்னை மாதிரி ஆயிடாதீங்க." சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. எல்லாரும் எழுந்து நின்னு தட்டினாங்க. எங்கண்ணன் தட்டலை. குனிஞ்சு மேஜைக்கு அடியில எதையோ தேடினான். தேட ஒண்ணுமே இல்லைங்கிறது எனக்குத் தெரிஞ்சுது.

வண்டியில ஏறினதும், "ஏண்ணா, அவங்க பேரைத்தான் சொல்லலை, மத்தபடி எதை மிச்சம் வச்சே? இதுக்கா நான் இஸ்திரி போட்டேன்?"ன்னு கத்தினேன். அவன் சாவியைப் போடாமலே உக்காந்திருந்தான். அப்பத்தான் சொன்னான். தொட்டி, கூண்டு, கொக்கி, மாப்பிள்ளை, எல்லாத்தையும். நான் கேட்டுட்டு இறங்கி, பஸ் புடிச்சு வீட்டுக்குப் போயிட்டேன். பஸ் முழுக்க என் மூஞ்சியை யாரோ உத்துப் பாக்கற மாதிரியே இருந்துச்சு. தப்புப் பண்ணினது அவன், அவமானம் எனக்கு. ரத்த சம்பந்தம்னா இதுதான் போல.

மறுநாள் கடையைத் திறக்கும்போதே கேட்டேன், "எப்ப சொல்லப் போறே?"

"இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது? குட்டிங்க போயாச்சு. அவங்களும் பழகிட்டாங்க."

"தங்கம் திரும்பி வரும். அது ஆகும்."

"கடை போயிடும்."

"போகட்டும். நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன். ஆனா நான் சொன்னா அது கோள். நீ சொன்னாத்தான் பையன் நம்புவார், நாயைக் குடுப்பார். உன் வாய்தானே எடுத்துட்டுப் போச்சு, உன் வாயே கொண்டு வரட்டும்."

பத்து நாள் ஒரே வீட்டுல கோர்ட்டுக்குப் போற பங்காளிங்க மாதிரி இருந்தோம். அண்ணி யார் பக்கமும் சேரலை. கடைசியில அவனே ஒரு ஞாயித்துக்கிழமை சட்டையை மாட்டிக்கிட்டு வந்து, "வர்றியா?"ன்னான். டீச்சர் பையன் வீட்டுக்குத்தான். லிஃப்ட்ல அவன் கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம பட்டனையே தடவிட்டு இருந்தான்.

கதவைப் பையன் திறந்தார். உள்ள டீச்சர் சோபா நுனியில, விருந்தாளி மாதிரி உக்காந்திருந்தாங்க, தங்கம் அவங்க கால்மாட்டுல. எங்கண்ணனைப் பாத்ததும் தங்கம் வாலை ஆட்டிக்கிட்டு எழுந்து வந்துச்சு. அவன் கையை நக்குச்சு. அவன் அதைத் தொடலை.

"டீச்சர், தப்பு உங்க வீட்டுல நடக்கலை. என் கடையில நடந்துச்சு. என் நாய்தான்"னான். நின்னுக்கிட்டேதான் எல்லாத்தையும் சொன்னான். கூட்டாம, குறைக்காம சொன்னான். அது வரைக்கும் பரவாயில்லை.

பையன் எகிறினார். கேஸ் போடுவேன், கடையை மூட வைப்பேன்னார். எங்கண்ணன் எல்லாத்துக்கும் "சரிங்க சார்"னான். டீச்சர் பையனைக் கை காட்டி நிறுத்தினாங்க. கோபப்படுவாங்கன்னு நான் காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தம்பி"ன்னாங்க. "அன்னிக்குத் தங்கம் வயித்துல கை வச்சீங்களே. படிச்சவங்கதானேன்னு என்னைக் கேட்டீங்களே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

அவன் என்னைப் பாத்தான். நான் சுவத்தைப் பாத்தேன்.

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சேதான் கேட்டீங்க."

"ஆமா."

டீச்சர் தலையை ஆட்டிக்கிட்டாங்க, பாடம் புரிஞ்ச மாதிரி. அப்புறம் பையன்கிட்ட, "தங்கத்தோட கிண்ணம், வார், படுக்கையெல்லாம் எடுத்து வைடா. நாங்க கிளம்பறோம்"னாங்க.

"உடனேயா? உங்க பேரப் பசங்க அழுவாங்கம்மா."

"நானும் அழுதேன்."

பையனும் கூசிப் போய்த்தான் நின்னார்னு நினைக்கறேன். படுக்கையை அவரே சுருட்டிக் கட்டினார். நாங்க தூக்கிட்டு வர்றோம்னு எங்கண்ணன் கையை நீட்டினான். டீச்சர், "வேண்டாம்"னாங்க. அவ்வளவுதான் அன்னிக்கு அவன்கிட்ட பேசினது.

அந்த வாரமே அவன் போன் முன்னாடி உக்காந்து நடந்ததை எல்லாருக்கும் சொல்லி வீடியோ போட்டான். கடை மூடிடும்னு பயந்தோம். நடந்தது வேற. 'எவ்வளவு நேர்மையான மனுஷன்', 'தலை வணங்குறோம்'னு வந்து குவிஞ்சுது. ஒருத்தர் பூங்கொத்து அனுப்பினார். கத்திரின்னா இன்னும் பெரிய ஆளு. ஒருத்தராவது 'டீச்சர் எப்படி இருக்காங்க'ன்னு கேக்கணுமே. பூங்கொத்தை அவனே எடுத்துக் குப்பைக் கூடையில திணிச்சுட்டு, வீடியோவை அழிச்சுட்டான். அதுக்கப்புறம் உக்காந்து, தங்கத்தோட குட்டிங்களை வாங்கினவங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் பண்ணினான். இது பொய் சொல்லி வித்த குட்டி, இதோட தகப்பன் என் நாய், சீவறது எப்படின்னு நான் வந்து சொல்லித் தர்றேன், முடியலைன்னா என்கிட்ட குடுத்துடுங்கன்னு. சாலையில விட்டது மட்டும் கிடைக்கவே இல்லை. யார் விட்டாங்கன்னும் தெரியலை. தேடிக்கிட்டுத்தான் இருக்கான்.

மழை முடிஞ்ச நேரம், போன் வந்துச்சு. "தங்கத்தைக் குளிப்பாட்டணும். நாளைக்குக் காலையில நேரம் இருக்காம்மா?" டீச்சர் குரல். நம்ப முடியாம, "எங்க கடைக்கா டீச்சர்?"ன்னு கேட்டுட்டேன். "வேற கடைக்கு ரெண்டு பஸ் மாறணும். அவளுக்கு வண்டி ஒத்துக்காது"ன்னாங்க. மனசு இளகிடுச்சு, மன்னிச்சுட்டாங்கன்னு எனக்கு ஒரே சந்தோஷம். எங்கண்ணன் அன்னிக்கு முன்னாடியே வந்து தொட்டியைத் தேய்ச்சான். மாப்பிள்ளையை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டான்.

டீச்சர் வந்தாங்க. எங்கண்ணன் கையை முன்னாடி கட்டிக்கிட்டு, "உக்காந்திருக்க வேண்டாம் டீச்சர். வீட்டுக்குப் போயிட்டு வாங்க. முடிஞ்சதும் போன் பண்றேன், இல்லைன்னா நானே கொண்டு வந்து விடறேன்"னான்.

"இல்ல தம்பி, இருந்து பாத்துக்கறேன்"னாங்க. முன் ரூம் நாற்காலி ஒண்ணைத் தூக்கிட்டுப் போய், உள் ரூம்ல தொட்டிக்குப் பக்கத்துலயே போட்டு உக்காந்துக்கிட்டாங்க. குத்திக் காட்டுற குரலே இல்லை. சாதாரணமாத்தான் சொன்னாங்க, "அன்னிக்கு உங்களை நம்பி விட்டுட்டுப் போனேன் பாருங்க, அது ஒண்ணு என் தப்புதானே."

எங்கண்ணன் தண்ணியைத் திறந்தான். சூடு சரியா இருக்கான்னு கையில பாத்தான், திரும்பத் திரும்பப் பாத்துட்டே இருந்தான். முன் ரூம்ல போன் அடிச்சுது. நான் எடுக்கலை.